இறக்கத்தில் கிழியும் தசை: இளம் கால்பந்து வீரர்களின் பின்தொடைக் காயத்திற்கு ஒரு வரலாறு

போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூடத்திற்கு நடப்போர் ஏற்றத்தில்தான் மூச்சிரைக்கின்றனர். அதிருமலை முகாமைக் கடந்து 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரத்தைத் தொடும்வரை, கடினமான பகுதி ஏற்றமே என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இறங்கி வந்த மறுநாள் காலையில்தான் உண்மை தெரிகிறது. படியில் ஓர் அடி கீழே வைக்க முடியாமல் முன்தொடை வலிக்கிறது. ஏற்றம் மூச்சை வாங்கியது; தசையை நொறுக்கியது இறக்கம். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துத் தேயிலைச் சரிவில் இறங்கிப் பழகிய போனக்காட்டுத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய செய்தியன்று.

கால்பந்து உலகம் இந்த எளிய உண்மையைத் தன் ஆடுகளத்தில் அடையாளம் காண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அடையாளம் கண்ட பின்னும் அதன்படி நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அதற்கு விலை கொடுத்தவர்களில் இருபது வயது நிரம்பாதவர்களும் இருந்தனர்.

இறக்கத்தின் வலியை அறிவியல் அணுகிய கதை 1902ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப், பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் ஓரிரு நாள் கழித்து வரும் வலியை ஆராய்ந்து, அது வெறும் களைப்பு அன்று, தசைக்குள்ளேயே ஏற்படும் நுண்ணிய கிழிவின் விளைவு என்று கருதினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1952இல், இலண்டனில் அபட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூவர் ஒரு விசித்திரமான கருவியைச் செய்தனர். இரண்டு மிதிவண்டிகள் முதுகுக்கு முதுகாக வைக்கப்பட்டு ஒரே சங்கிலியால் பிணைக்கப்பட்டன. ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டைகளை எதிர்த்துத் தடுப்பார். இருவர் கால்களும் ஏற்கும் விசை ஒன்றே. ஆயினும் தடுப்பவருக்குத் தேவைப்பட்ட உயிர்வாயு மிகக் குறைவாக இருந்தது. மிதிப்பவர் மூச்சிரைக்க, தடுப்பவர் அமைதியாக அமர்ந்திருந்தார்.

இந்தச் சோதனை சொன்னது இதுதான். தசை இரண்டு வகையாக வேலை செய்கிறது. சுருங்கியபடி இழுப்பது ஒன்று; நீண்டபடி தடுப்பது மற்றொன்று. இரண்டாவது வேலை மலிவானது. மூச்சும் ஆற்றலும் அதற்குக் குறைவாகவே செலவாகின்றன. ஆனால் குறைந்த எண்ணிக்கையிலான தசைநார்கள் அந்த முழு விசையையும் தாங்குவதால், ஒவ்வொரு நாரின்மீதும் விழும் சுமை பெரிது. மலை இறங்குபவரின் முன்தொடை, ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மடங்கிவிடாமல் நீண்டபடி தடுக்கிறது. அதனால்தான் இறக்கம் மூச்சுக்கு எளிது, தசைக்குக் கொடிது.

இப்போது சமதளத்தில் முழு வேகத்தில் ஓடும் ஒரு சிறுவனைப் பார்க்கலாம். அவன் எந்த மலையிலும் இறங்கவில்லை. ஆயினும் அவனுடைய பின்தொடை ஒவ்வொரு தாவலிலும் ஓர் இறக்கத்தைச் சந்திக்கிறது. கால் முன்னோக்கி வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், கணைக்கால் பறந்து போகாமல் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தக் கடிவாளம் பின்தொடையின் மூன்று தசைகள். அவை உட்காரும்போது தரையில் படும் இடுப்பெலும்பு முனையில் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. இடுப்பு, முழங்கால் என்னும் இரண்டு மூட்டுகளையும் கடந்து செல்வதால், காலை வீசும்போது இரு முனையிலும் ஒரே நேரத்தில் இழுபடுகின்றன. நீண்டுகொண்டே தடுக்கும் அந்தக் கணத்தில்தான் வெளிப்பக்கமுள்ள இருதலைத் தசை பெரும்பாலும் கிழிகிறது. பாய்ச்சலின் விசை போதாமையால் நேர்வதன்று இது; தடையின் விசை போதாமையால் நேர்வது.

இந்த இடத்திற்கு ஆங்கிலம் வைத்த பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ‘ஹேம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் முழங்காலின் பின்குழியைக் குறித்தது. ‘ஸ்ட்ரிங்’ என்பது கயிறு, நாண். முழங்காலின் பின்னால் விரலால் தொட்டால் விறைப்பாகத் தெரியும் இரண்டு நாண்களே ஹேம்ஸ்ட்ரிங். பின்னர் அச்சொல் வினைச்சொல்லாகவும் ஆயிற்று. பகைவரின் குதிரை இனி ஓடாதபடி அதன் பின்னங்கால் நாணை அறுத்து முடமாக்குவதை அது குறித்தது. விவிலியத்தில் யோசுவா பகைவரின் குதிரைகளுக்குச் செய்தது அதுவே. ஓடும் உயிரை நிறுத்த வேண்டுமானால் எந்த இடத்தை அறுக்க வேண்டும் என்பதை மனிதர் போர்க்களத்தில் வெகு முன்பே அறிந்திருந்தனர்.

தமிழில் அந்த இடத்தை ‘நரம்பு’ என்ற சொல் ஏற்றது. யாழின் நாணும் நரம்பு. உடலுக்குள் விறைப்பாக ஓடும் எதுவும் நரம்பு. மலையாளத்தின் ‘ஞரம்பு’ அதன் உடன்பிறப்பு. நவீன மருத்துவத் தமிழ் இப்பொருள்களைப் பிரித்தது. உணர்வைக் கடத்துவதற்கு மட்டும் நரம்பு என்ற பெயர் நின்றது. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண் ஆயிற்று. பள்ளிப் பாடநூல் இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது. பேச்சுமொழி ஏற்கவில்லை. ஓடும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் சிறுவன் இன்றும் நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறான், அல்லது பிடித்துக்கொண்டது என்கிறான், அல்லது சுளுக்கு என்கிறான். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் போனக்காட்டுச் சிறுவனாயின், உளுக்கு என்ற சொல்லும் அவன் கைவசம் உண்டு. நான்கு சொற்கள் இருந்தும் தசை கிழிந்தது என்பதற்கு அவனிடம் ஒரு சொல்கூட இல்லை. இது வெறும் அகராதிச் சிக்கல் அன்று என்பதைப் பின்னர் காணலாம்.

இந்தக் காயத்தின் நவீன வரலாற்றில் ஒரு நாளைக் குறிக்க வேண்டுமானால், அது 1999 ஏப்ரல் 12. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், எல்லண்ட் ரோடு மைதானத்தில், லிவர்பூல் அணியின் மைக்கேல் ஓவன் பந்தைத் துரத்தி ஓடினார். அவருக்கு வயது 19. அதற்கு முந்தைய கோடையில், 1998 ஜூன் 30 அன்று, அர்ஜென்டினாவுக்கு எதிரான உலகக்கோப்பை ஆட்டத்தில் பாதி மைதானத்தை ஓடிக் கடந்து அவர் போட்ட கோலால் உலகமே அவரை அறிந்திருந்தது. 1997–98 பருவத்தில் லிவர்பூலுக்காக 36 லீக் ஆட்டங்களில் ஆடி 18 கோல்கள் அடித்திருந்தார். அந்தப் பருவம் முடிந்ததும் உலகக்கோப்பை, அது முடிந்ததும் மீண்டும் லீக். வளர்ந்தவர்களின் நாட்காட்டி அப்படியே ஒரு பதின்வயதினர் மீது வைக்கப்பட்டது. யாரும் அதைக் கொடுமை என்று எண்ணவில்லை. திறமைக்குக் கிடைத்த பரிசு என்றே எண்ணினர்.

லீட்ஸில் அவருடைய வலது பின்தொடை கிழிந்தது. அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அறுவை சிகிச்சை செய்யப்படவில்லை. ஓய்வும் பயிற்சியுமே மருந்தாயின. அதன்பின் ஒரு காலில் மூன்று தசைகளோடும் மற்றதில் இரண்டோடும் ஓட வேண்டியதாயிற்று என்று அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2001இல் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதைப் பெற்றார் என்பதும் உண்மை. ஆகவே அவருடைய வாழ்க்கை அன்றே முடிந்ததென்று எழுதுவது மிகை. ஆனால் தசைக் காயங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. ஆட்ட வாழ்வின் கடைசி ஆண்டுகளில் முழு வேகத்தில் ஓடுவதற்கே அஞ்சியதாக அவர் ஒப்புக்கொண்டார். ஓட்டத்தாலேயே உலகறிந்த ஒருவர் ஓட்டத்தை அஞ்சி வாழ்ந்தார். 2013இல் விளையாட்டிலிருந்து விலகினார்.

ஓவன் லீட்ஸில் விழுந்தபோது, இங்கிலாந்தில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. 1997 ஜூலை முதல் 1999 மே வரை, நாட்டின் 92 தொழில்முறைக் கழகங்களில் 91 கழகங்கள் தம் வீரர்களின் ஒவ்வொரு காயத்தையும் பதிவு செய்து அனுப்பின. காயங்களுள் 12 விழுக்காடு பின்தொடைக் கிழிவுகள் என்றும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இருதலைத் தசையில் நேர்ந்தவை என்றும், 57 விழுக்காடு ஓடும்போது வந்தவை என்றும் அக்கணக்கு காட்டியது. எதிராளி மோதி வருவதைவிட, யாரும் தொடாமல் தன் ஓட்டத்திலேயே கிழிவதே இக்காயத்தின் இயல்பு என்பது எண்களால் உறுதியாயிற்று.

அடுத்த இரண்டு பருவங்களில் கணக்கு சிறுவர்களை நோக்கித் திரும்பியது. 1999 முதல் 2001 வரை, 38 கழகங்களின் இளையோர் பயிற்சிக்கூடங்களில் 9 முதல் 19 வயது வரையிலானவர்களின் காயங்கள் பதிவாயின. மொத்தம் 3,805 காயங்கள். அவற்றுள் மிகப் பெரிய பகுதி தசை இழுவை, கிழிவு வகையைச் சேர்ந்தது. இப்பயிற்சிக்கூடங்கள் 1997இல்தான் புதிய திட்டத்தின்கீழ் ஒழுங்கமைக்கப்பட்டிருந்தன. எட்டு ஒன்பது வயதிலேயே சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துத் தொழில்முறை முறையில் வளர்ப்பது அத்திட்டத்தின் நோக்கம். தேர்வோடு சேர்ந்து காயமும் கீழ்வயதுக்கு இறங்கியது.

சிறுவனின் உடல் சிறிய அளவிலான பெரியவர் உடல் அன்று. ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14 வயதில் வளர்ச்சி உச்சத்தைத் தொடுகிறது. தொடையெலும்பு முதலில் நீள்கிறது. தசை அதைப் பின்தொடர்கிறது. இந்த இடைவெளியில் பின்தொடை எப்போதும் சற்று இழுபட்ட நிலையிலேயே இருக்கும். அதைவிட முக்கியமானது, தசைநாண் எலும்பில் பற்றியிருக்கும் இடம். பெரியவரிடம் அது கெட்டியான எலும்பு. வளரும் சிறுவனிடம் அது இன்னும் முழுமையாக ஒட்டாத வளர்ச்சிக் குருத்து. ஆகவே பெரியவரிடம் தசையைக் கிழிக்கும் அதே விசை, 14 வயதுச் சிறுவனிடம் எலும்பின் ஒரு துண்டையே பெயர்த்துவிடக்கூடும். உட்காரும்போது இடுப்பெலும்பு முனையில் கூர்மையான வலி இருந்தால் அது தசைப்பிடிப்பு என்று விட்டுவிடத் தக்கதன்று. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டிய காயம்.

காயம் எங்கே நிகழ்கிறது என்பது தெரிந்தபின், தீர்வும் அதே இடத்தில் கிடைத்தது. தசை நீண்டபடி தடுக்கும்போது கிழிகிறது என்றால், நீண்டபடி தடுக்கவே அதைப் பழக்க வேண்டும். 2004இல் நார்வே ஆய்வாளர்கள் ஒரு பயிற்சியைச் சோதித்தனர். ஒருவன் முழந்தாளிடுகிறான், தோழன் அவன் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கிறான். முதலாமவன் முதுகையும் இடுப்பையும் நேராக வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னோக்கிச் சாய்கிறான். விழாமல் தடுப்பது பின்தொடை மட்டுமே. இனித் தாங்காது என்னும் இடத்தில் கைகளை ஊன்றிக்கொள்கிறான். இதற்குப் பொறி வேண்டாம், எடைத்தட்டு வேண்டாம், மைதானம்கூட வேண்டாம். வழக்கமான முழங்கால் மடக்குப் பயிற்சி தராத தடுப்பு வலிமையை இது தந்தது. நோர்டிக் பயிற்சி என்று பெயர் பெற்றது.

2011இல் டென்மார்க்கில் 50 அணிகளின் 942 வீரர்களிடம் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பாதி அணிகள் பத்து வாரப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டன. மற்றவை வழக்கம்போல் பயின்றன. ஆண்டு முடிவில் வழக்கம்போல் பயின்றவர்களிடம் 52 பின்தொடைக் காயங்கள். பயிற்சி பெற்றவர்களிடம் 15. சிறாரைப் பொறுத்தவரை, இப்பயிற்சியையும் உள்ளடக்கிய பதினொன்று பிளஸ் என்னும் ஃபிஃபா வெதுவெதுப்புப் பயிற்சித் தொகுப்பு, நார்வேயில் 125 கழகங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண்பிள்ளைகளிடம் சோதிக்கப்பட்டு, அதன் முடிவு 2008இல் வெளியாயிற்று. கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இருபது நிமிடம் பிடிக்கும், செலவில்லாத ஒரு தொகுப்பு.

வரலாறு இங்கே முடிந்திருந்தால் இது ஒரு வெற்றிக்கதை. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கிலும் நார்வே முதன்மை லீக்கிலும் ஆடிய 50 அணிகளிடம், மூன்று பருவங்களில் அவை நோர்டிக் பயிற்சியை எவ்வாறு பயன்படுத்தின என்று கேட்டது. கணக்கில் வந்த 150 அணிப்பருவங்களில் 16இல் மட்டுமே அது முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது. ஆறில் ஐந்து பங்கு அணிப்பருவங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதே காலத்தில் ஐரோப்பியக் கழகங்களின் காயக் கணக்கு ஏறிக்கொண்டே சென்றது. 2001–02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த பின்தொடைக் காயம் 2021–22இல் 24 விழுக்காடாயிற்று. பணமும் மருத்துவரும் ஆய்வும் மிகுந்த இடத்தில், பாதுகாப்பு கையில் இருக்கும்போதே காயம் இரட்டிப்பானது. ஆட்டங்கள் கூடின, ஆட்டத்தின் வேகம் கூடியது, பத்து நிமிடம் முழந்தாளிட மட்டும் நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் தசையில் வலி இருக்கும், அடுத்த ஆட்டம் நெருங்கிவிட்டது என்பது வழக்கமான மறுப்பு. மலை இறங்கியவரின் அதே வலிதான் அது. சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் ஓரிரு வாரத்தில் பழகிவிடுவது.

ஐரோப்பா பணம் இருந்தும் செய்யாததை, பணம் இல்லாமலே செய்யக்கூடிய இடங்கள் உண்டு. போனக்காட்டிலிருந்து விதுரை வழியாக நகரத்தை நோக்கி இறங்கினால், அருவிக்கரையை அடுத்த மைலத்தில் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. கேரள விளையாட்டு நிருவாகத்தின் முன்னோடியான கோதவர்ம ராஜாவின் பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளி அது. தோட்டம் நின்றுபோய், லயங்களில் வருமானமற்று நிற்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு அத்தகைய பள்ளியின் தேர்வு என்பது விளையாட்டு மட்டும் அன்று. விடுதி, உணவு, படிப்பு, பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை எனும் முழு வாழ்க்கைப் பாதை அது. அதனாலேயே அந்தப் பிள்ளை தொடையில் வலி என்று சொல்லத் தயங்குவான். தேர்வு நாளன்று வலியை மறைப்பான். காயம்பட்ட ஓவனுக்குக் கழகமும் மருத்துவரும் ஒப்பந்தமும் இருந்தன. இவனுக்கு இருப்பது கால்கள் மட்டுமே.

இங்கேதான் சொல்லின் சிக்கல் உடலின் சிக்கலாகிறது. பிடிப்பு என்று சொன்னால் கிடைக்கும் மருத்துவம் காலை நீட்டி இழுப்பது. சுளுக்கு, உளுக்கு என்று சொன்னால் கிடைப்பது எண்ணெய் தேய்த்து வழித்து விடுவது. தென் திருவிதாங்கூர் நிலம் வர்ம ஆசான்களின் நிலம். போனக்காட்டுக்கு மேலே நிற்கும் மலைக்குரிய அகத்தியரையே அவர்கள் தம் மரபின் முதல் ஆசானாகக் கொள்கின்றனர். உடலை விரலால் வாசித்தறியும் அம்மரபைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் ஆசான் கைவைப்பதற்கு முன்பே ஆடுகளத்தின் ஓரத்தில் தோழர்கள் இழுத்தும் தேய்த்தும் முடித்துவிடுகின்றனர். கிழிந்த தசையை முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே குருதிக்கசிவு கூடும். இழுத்தால் கிழிவு விரியும். காயத்துக்குத் தவறான பெயர் இட்டதுமே தவறான மருத்துவமும் தொடங்கிவிடுகிறது.

பெயரைச் சரியாக வைப்பதற்குக் கருவி தேவையில்லை. பிடிப்பு பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசியில், களைத்த காலில், மெல்ல இறுகி வருகிறது. சில நிமிடங்களில் தளர்கிறது. கிழிவு முழு ஓட்டத்தின் நடுவில் ஒரே கணத்தில் வருகிறது; பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்தது போலிருந்தது என்று அடிபட்டவர்கள் சொல்வதுண்டு. மறுநாளோ அதற்கடுத்த நாளோ முழங்காலின் பின்புறம் நோக்கி நீலம் பாய்ந்தால் ஐயமே வேண்டாம். அப்போது செய்ய வேண்டியது ஆட்டத்தை நிறுத்துவதும், மருத்துவரிடம் காட்டுவதும், வலி நின்றதை ஆறியதாகக் கொள்ளாமல் முழு வேக ஓட்டத்தைப் படிப்படியாகத் திரும்பப் பெறுவதும். ஒருமுறை கிழிந்த பின்தொடை மறுமுறை கிழிவதற்கு ஒரு பெரிய காரணம் என்பதைப் பல கணக்கெடுப்புகள் சொல்கின்றன. முதல் கிழிவுக்குப் பின் விரைந்து திரும்புவதே இரண்டாம் கிழிவின் தொடக்கம்.

தமிழில் ‘கிழிவு’ என்ற சொல் துணிக்கு உண்டு, தாளுக்கு உண்டு. அதைத் தசைக்கும் உரியதாகப் பயிற்றுநர்கள் சொல்லத் தொடங்கினால், பதின்மூன்று வயதுச் சிறுவனும் தன் வலிக்குச் சரியான பெயர் சொல்வான். அதோடு வாரத்துக்கு இருமுறை முழந்தாளிட்டுச் சாயும் பழக்கமும் சேர்ந்தால், அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே பலருக்கு வாராது போகலாம். ஒரு தோழன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. போனக்காட்டுச் சரிவில் சுமையோடு இறங்கப் பழகியவர்கள், அடியை மெதுவாக வைக்கக் கற்றதால்தான் இத்தனை ஆண்டுகள் இறங்கினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஓடக் கற்பிப்போர், நிற்கவும் கற்பிக்க வேண்டும்.